பாட்டாவில் வெட்டிய மிதப்புகள்

சூடான கம்பி றப்பருக்குள் இறங்கும்போது ஒரு மணம் வரும். மூக்கைக் கரிக்கும், கண்ணில் நீர் முட்டும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தேய்ந்த பாட்டாச் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓட்டை போடுவேன்...

போர் முடிந்து, மீள்குடியேறி வந்த புதிது. முல்லைத்தீவுப் பக்கம், ஒரு புறம் கடல், மறு புறம் ஆழமில்லாத உப்புநீர்க் களப்பு. பழைய செருப்புத்தான் வலைக்கு மிதப்பு. யாருடைய வலை என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இருந்தது.

பக்கத்து வீட்டு றீற்றா மாமி தன் மிதப்புகளில் சிவப்புத் துணி கட்டுவார். மாமா போரில் இல்லாமல் போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த ஒரு வலைதான். மிதப்புக் கட்டும் முடிச்சை எனக்குக் காட்டித் தந்ததும் அவர்தான். இரண்டு சுற்று, நுனியைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, பல்லால் கடித்து இறுக்க வேண்டும்.

"உது என்ர அம்மான்ர முடிச்சு. ஊரில வேற ஒருத்தருக்கும் வராது" என்று பெருமையடிப்பார்.

எனக்குப் பதினொரு வயது. அப்பா குடித்துக்கொண்டிருந்த காலம். அவருடைய வலை இனித் தைக்கவே முடியாது என்ற அளவுக்குக் கிழிந்திருந்தது. ஒரு நாள் விடியும்போது ஈர வலையொன்றைத் தோளில் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார்.

"உந்தத் துணியெல்லாத்தையும் அவிட்டு அடுப்பில போடு பிள்ளை. உன்ர பழைய பாட்டாவை வெட்டிக் கட்டு."

துணி சிவப்பு.

ஒவ்வொன்றாக அவிழ்த்து அடுப்பில் போட்டேன். என் றோஸ் நிறப் பாட்டாவை வெட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சால் கட்டினேன்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் றீற்றா மாமியைக் கண்டேன். களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி றால் பிடித்துக்கொண்டிருந்தார். வலை இல்லாதவர்களின் தொழில் அது. வாயில் பறி இருந்ததால் என்னைக் கூப்பிட முடியவில்லை. கையை மட்டும் அசைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அப்பாவும் அவரை அப்படிக் கண்டிருக்க வேண்டும். அந்தத் தவக்காலத்தில், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வந்து குசினி வாசலில் நின்றார்.

"வலையைத் திருப்பிக் குடுக்கட்டாம், சுவாமி சொன்னவர்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "இருட்டினாப் பிறகு அவான்ர வேலிக்குள்ள போட்டிட்டு வாங்கோ. ஊர் காறித் துப்பும். பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு."

"ஒளிச்சு எடுத்ததை ஒளிச்சே குடுக்கிறது?"

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம், அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டால் நடந்தார். நான் பின்னால் போனேன். றீற்றா மாமி தன் வேலிப் படலையடியில் நின்றார்.

"இது உங்கட வலை. நான்தான் களவெடுத்தனான்."

மாமி வலையை வாங்கினார். மிதப்பு ஒன்றைப் பெருவிரலால் தடவினார்.

"சூசை அண்ணை... இது பிள்ளையின்ர பாட்டா எல்லோ?"

"ஓம். அவளுக்கு ஒண்டும் தெரியாது. என்ர வலை எண்டு சொல்லித்தான் கட்டச் சொன்னனான்."

திருந்தி வந்த அன்றைக்கே, எனக்காக அப்பா சொன்ன பொய். மாமி என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன்.

அதன் பிறகு அப்பா குடிக்கவில்லை. ஒரு நாளும் இல்லை. ஆனால் ஊர் அதை நம்பவும் இல்லை. யாருடைய வலை காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

"சூசை, ஒருக்காக் கொட்டிலைத் திறந்து காட்டு."

"பாருங்கோ" என்று திறந்துவிட்டு, அப்பா வெளியே வெயிலில் நிற்பார்.

கோயிலில் அவர் கடைசி வரிசை வாங்கில் இருந்தால், "உண்டியலைப் பாத்துக்கொள்ளுங்கோடா, புனிதர் வந்திட்டார்" என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரிப்பார்.

"சொல்லாம இருந்திருந்தா ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று அம்மா அழுவார்.

"களவை மனசில வைச்சுக்கொண்டு நற்கருணை அப்பத்துக்கு எப்பிடி நாக்கை நீட்டுறது?" என்பார் அப்பா.

நானும் எத்தனையோ தரம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொறாமை, அம்மாவை எதிர்த்துக் கதைத்தது... எல்லாம் சொல்வேன். சிவப்புத் துணியை மட்டும் சொல்லமாட்டேன். படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆனேன். "நல்ல அடக்கமான பிள்ளை" என்றார்கள். வாய் திறக்காததற்கு அப்படியும் ஒரு பெயர் இருக்கிறது.

போன வருடம் அப்பா போய்விட்டார். அடக்கத்தன்று, "பாவம், திருந்தித்தான் இருந்தவர் போல" என்று ஒருவர் சொல்வது கேட்டது. அப்போதும் அந்தப் 'போல' விடவில்லை.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமைக்கு, வேலை செய்யும் கிளிநொச்சியிலிருந்து பஸ் எடுத்தேன். பரந்தன், முரசுமோட்டை தாண்டும் வரைக்கும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே றீற்றா மாமியிடம் போனேன். அவர் கீரைப் பாத்தியில் நின்றார். கோழி கிண்டாமல் பாத்தியைச் சுற்றிப் பழைய வலை கட்டியிருந்தது.

அதில் என் மிதப்புகள். வெயிலில் வெளிறி, றோஸ் நிறம் போயே போய்...

"மாமி, அப்பா அண்டைக்குப் பொய் சொன்னவர். உங்கட வலை எண்டு எனக்குத் தெரியும். நான்தான் துணியை அவிட்டனான்."

மாமி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"என்ர முடிச்சு எனக்குத் தெரியாதே? களவு வலை எண்டு தெரியாட்டி மாமியிட்டக் கொண்டு வந்து காட்டியிருப்பாய். எந்த முடிச்சைக் கட்டினாலும் எனக்குக் காட்டாம விட்டனியோ நீ?"

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்ல?"

"கொப்பர் சூசை அண்ணை அவ்வளவு சனத்துக்கு முன்னால தலையைக் குனிஞ்சு நிக்கிறார். இதையும் அவற்ர தலையில வைக்கிறதே? நீ வருவாய் எண்டு இருந்தனான்." கீரைக் கட்டை மடியில் வைத்தார். "கொஞ்சம் சுணங்கிப் போனாய்."

பிறகு வலையில் அந்த மிதப்புகளைக் காட்டினார். "உன்ர கையால கட்டினதை உன்ர கையாலேயே அவிழ்."

இப்போது எல்லாரும் கடை மிதப்புத்தான் வாங்குகிறார்கள். எல்லாம் ஒரே வெள்ளை. முடிச்சைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. கீபோர்ட் தட்டிப் பழகிய என் விரல்களுக்கும் அந்த முடிச்சு மறந்துபோயிருந்தது. உப்பும் வெயிலும் குடித்து நூல் கல்லாகியிருந்தது. கத்தி கேட்டேன், மாமி தரவில்லை.

மூன்றாவது முடிச்சில் நகம் உடைந்தது. அப்பா இருக்கும்போதே வந்திருந்தால், இவ்வளவு இறுகியிருக்காது.