எண்பது கிலோவும் வெள்ளிக்கிழமை விரதமும்

இரும்புக் கம்பி தரையில் விழும் சத்தத்தை வைத்தே அது வென்று விழுந்ததா தோற்று விழுந்ததா என்று என்னால் சொல்லிவிட முடியும். தலைக்கு மேலே நிறுத்திக் காட்டிவிட்டுக் கையை விடும்போது பலகை மேடை ஒரே அடியாகத் தொம்மென்று அதிரும். தோள் வரைக்கும் வந்து, அதற்கு மேலே போக மாட்டேன் என்று நழுவி விழும்போது கம்பி இரண்டு மூன்று முறை துள்ளி உருண்டு, சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஒத்தக்கடையில் மேலூர் சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் நாங்கள் பளு தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்த இரண்டாவது சத்தத்தைத்தான் நான் அதிகம் கேட்டேன். அது அக்காவின் கம்பி. எண்பது கிலோ போட்டால் ஏறும். அதற்கு மேல் ஆகச் சின்ன இரும்பு வட்டைக் கூடுதலாக மாட்டினால்கூட விழும். விழுந்த கம்பியை அக்கா, எழுந்திருக்க மறுக்கும் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு அவளே போய் அதை மேடைக்கு உருட்டிக்கொண்டு வருவாள்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் விளையாட்டு விழா. நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை. சிறப்பு விருந்தினராக வந்தவர் எங்கள் பழைய கோச். மைக்கைப் பிடித்த மனிதர், வெயிலில் வரிசையாக நின்றிருந்த பிள்ளைகளிடம் அக்காவின் கதையை எடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு வாரத்துல ரெண்டு நாள் விரதமிருந்து, பட்டினி கெடந்து எண்பத்தஞ்சு கிலோவைத் தூக்குச்சு. இன்னைக்கு கவர்மெண்ட் வேலையில இருக்கு. மனசுல வைராக்கியம் இருந்தா வயிறெல்லாம் ஒரு விஷயமே இல்ல!" பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டிய பெண் பிள்ளைகளில் பலர் காலையில் ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறி வந்தவர்கள். காலை வழிபாட்டில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் உட்கார வைப்பது நான்தானே, எனக்குத் தெரியாதா? கழுத்தில் கிடந்த விசிலை ஊதி அவர் பேச்சை நிறுத்திவிடலாமா என்றிருந்தது. தலைமையாசிரியை பக்கத்திலேயே இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பட்டினி கிடந்து தூக்கவில்லை. பட்டினி கிடந்ததால்தான் தூக்க முடியாமல் நின்றாள். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் ஒருவர் இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டு போகிறார்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. கொட்டகையில் எனக்கு மூத்தவள், அவ்வளவுதான். திருவாதவூர்ப் பக்கம் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஒத்தக்கடையில் அவள் வாழப்போன வீடும் அப்படிக் கூலிவேலையிலிருந்து எழுந்து வந்த வீடுதான். மாமனார் பாடுபட்டுக் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார், கணவர் லோடு ஆட்டோ ஓட்டினார், கொழுந்தன் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். மாதச் சம்பளத்துக்கு அரசாங்க வேலை பார்த்தவர் அந்த வம்சத்திலேயே கிடையாது. அந்த நேரத்தில்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தேர்வுக்கு வருகிற பெண்களில் எண்பத்தைந்து தூக்கினால் இடம் நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு வயது வரம்பு அந்த முறையோடு முடிகிறது. அதை விட்டால் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் கோபம் இத்தனை வருஷமாகியும் ஆறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகும் பளு தூக்கலாம் என்று சொன்ன வீடு அது. மாமனார் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் மருமக எம்புட்டுத் தூக்குறா தெரியுமாய்யா? ஒன்னையும் உன் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிருவா" என்று பீற்றிக்கொள்வார். கம்பியில் எடை ஏறவில்லை என்றதும் அந்த வீட்டுக்கே சோகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கோச்சின் வைத்தியம், காலையில் ஒரு முறை பயிற்சி போதாது, சாயங்காலமும் வர வேண்டும் என்பது. மாமியாரின் வைத்தியம், யாரோ கண் வைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்க வேண்டும் என்பது. பகலெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல், விளக்கேற்றிய பிறகு ஒரு வேளை மட்டும் பச்சரிசிச் சோறு. ஏறாத கம்பி அதற்கும் ஏறவில்லை. உடனே கோச் இன்னும் நான்கு செட் கூட்டினார். மாமியார் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்தார். பளு தூக்குகிற பெண்ணின் உடம்பை வாட்டிப் பலம் வரவைக்கலாம் என்று இரண்டு பேரும், ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமலேயே, ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த என்னை அக்கா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கறிக்குழம்பு. மாமியார் மகராசி, "ஒல்லியா இருக்கியே தாயி, நல்லா அள்ளி வச்சுச் சாப்புடு" என்று எனக்கு ஈரலும் நல்லியுமாகப் போட்டார். விருந்தாளி என்பதால் என்னையும் ஆண்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். அக்கா நின்று பரிமாறினாள். சட்டியோடு போவாள், வருவாள், ரசத்துக்குப் போவாள், மோருக்கு வருவாள். நானும் மூன்று ஆண்களும் எழுந்து கை கழுவிய பிறகு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு மலைபோல இருந்தது. குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி எடுத்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு எலும்பு, அதிலும் கறி இல்லை. பக்கத்தில் மாமியார் தட்டில் அந்த எலும்பும் இல்லை.

"என்னக்கா இது?" என்றேன்.

"கொழம்புலயே சத்தெல்லாம் எறங்கியிருக்கும்ல" என்று சிரித்தாள்.

"முட்டையாவது திங்கிறியா?"

"மாமா எனக்குன்னுதேன் வாங்கிட்டு வாராக. செவ்வா, வெள்ளி நமக்கு ஆகாது. மத்த நாள்ல கொழுந்தன் இன்டர்வியூவுக்குப் போகுது, அதுக்கு ஒடச்சு ஊத்திருவாக அத்தை."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. விரதம் எங்களுக்கும் தெரியாததல்ல. தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டிலும் கறி கிடையாது. ஆனால் டீச்சர் வேலை பார்த்த என் அம்மா, போட்டி நெருங்கினால் பாதிரியாரிடம் போய், "இவ தூக்கணும் ஃபாதர், சாப்பிடுவா" என்று தகவல் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அனுமதி கேட்க மாட்டார். கிளம்பும்போது வாசலில் அக்காவைப் பிடித்துக் கத்தினேன். இன்டர்வியூவுக்குப் போகிறவன் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறான், அவனுக்கு எதற்கு உன் முட்டை? தூக்குகிறது யார், தின்கிறது யார்? அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "எனக்குத் தெரியாதா? ஆனா வீட்டு ஆம்பளைக ஒக்காருறதுக்கு முன்னாடி தட்டை எடுத்தா என்ன பேரு வைப்பாக தெரியும்ல" என்றாள். எண்பத்தைந்து கிலோவுக்குப் பயப்படாதவள் ஒரு தட்டுக்குப் பயந்தாள்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பயிற்சியில் அக்கா கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்து நிமிர்ந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கம்பி முன்னால் விழ, அவள் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டதாம். கோச் ஓடி வந்தார். தண்ணீர் கொடுப்பார் என்று பார்த்தால், "மனசு இல்ல உனக்கு. கல்யாணம் ஆன பொண்ணுகளுக்கே மனசு இங்க நிக்காது" என்றார். அக்கா கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "இனிமே சாயங்காலம் வரல சார். காலையில மட்டும் வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். உருப்பட மாட்டாய் என்று அவர் கத்தியது மேலூர் பஸ்ஸின் ஹாரனையும் தாண்டிக் கேட்டது.

அன்று வீட்டில் நடந்ததை மறுநாள் அவளே எனக்குச் சொன்னாள். விளக்கேற்றும் வரை காத்திருக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், கூடையில் இருந்த முட்டைகளை உடைத்து ஊற்றி, சோறு போட்டுக்கொண்டு, நடுக்கூடத்தில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "செவ்வாக்கெழமையும் அதுவுமா... ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்டி?" என்று அழுதிருக்கிறார். கணவர் கூரையைப் பார்த்திருக்கிறார். மாமனார்தான் என்னம்மா இது என்று கேட்டிருக்கிறார். அக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "பசிக்குது மாமா" என்றாளாம். பளு தூக்கும் மருமகளைப் பற்றி ஊரெல்லாம் பேசிய மனிதருக்கு, அவளுக்குப் பசிக்கும் என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு அவள் முதலில் சாப்பிட்டாள். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறினார், ஆனாலும் பரிமாறினார். கொட்டகையில் முதலில் கொஞ்ச நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் சின்ன வட்டு ஏறியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். எண்பத்தைந்து ஏறிய அன்று நான் மேடைக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். தோளில் வாங்கி எழுந்தபோது பழையபடி முழங்கால் நடுங்கவில்லை. ஒரு மூச்சு எடுத்தாள், கால் பிரிந்தது, கை இரண்டும் பூட்டிக்கொண்டு நின்றன. கம்பி தொம்மென்று விழுந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். கோச் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, அன்னைக்கு நான் திட்டுனது வேலை செஞ்சிருச்சு." தேர்விலும் தூக்கினாள். வேலையும் கிடைத்தது. ஒத்தக்கடை முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் மாமனார், கோச், கணவர், கொழுந்தன் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். அக்காவின் படம் மூலையில் இருந்தது.

ஃபிளெக்ஸைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மருமகளுக்கு வேலை கிடைத்தால் கிடா வெட்டுவதாக மாமனார் வேண்டியிருந்தாராம். வேண்டிக்கொண்டது, வயல்காட்டில் இருக்கும் அவர்களுடைய சாமிக்கு. அந்தச் சாமிக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள். அவர்களே வெட்டி, அவர்களே சமைத்து, அங்கேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைப்பார்களே தவிர ஒரு துண்டுகூட வீட்டுக்கு வராது. சாப்பிட்ட இலை காய்ந்து சருகாகும்வரை பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. அக்கா தூக்கியதற்கு வெட்டிய கிடாவை, கம்பியை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத ஊர் ஆண்கள் பந்தி பந்தியாகத் தின்றார்கள். கோச்சுக்குத் தனி அழைப்பு, அவர் தலைப்பந்தியில் உட்கார்ந்தார். வீட்டுப் பெண்களுக்கு அன்று கஞ்சியும் துவையலும்தான் வழக்கம்.

அன்று நான் ஆற்றாமையில் கொதித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. "கறி எடுக்கப் போறேன், வீட்டுக்கு வா." போனபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் பதறிக்கொண்டு நின்றார். "சாமிக்குக் கெடா வெட்டுற அன்னைக்கு வீட்ல தனியாக் கறி ஆக்கலாமாடி?"

"சாமி அவுகளுக்குப் போட்டுருச்சு அத்தை. நமக்கு நாம போட்டுக்குவோம். ஒக்காருங்க."

"நான் அப்பறமா..."

"ஒக்காருங்கன்னேன்ல."

கூடத்தில், ஆண்கள் உட்காரும் இடத்தில், மூன்று தட்டு வைத்தாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து மாமியார் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பது அவர் சம்மணம் போடத் தடுமாறியதிலேயே தெரிந்தது. அக்கா அவருக்குக் கறியாகப் பார்த்து அள்ளிப் போட்டாள். அவர் கை பழக்கத்தில் நல்ல துண்டுகளையெல்லாம் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியது. "பெரியவனுக்கு ஈரல் புடிக்கும்" என்றார். அக்கா ஒதுக்கியதையெல்லாம் எடுத்து மறுபடி அவர் சோற்றின் மேலேயே வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிசைந்து வாயில் வைத்தார். மென்றுகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம் என்று சொன்னார். குழம்பில் அவ்வளவு காரம் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம். மாமனாரும் மகன்களும் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து இறங்கினார்கள். மாமனார் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏய், தண்ணி கொண்டா."

மாமியார் பாதி எழுந்தேவிட்டார். அக்கா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. மாமியார் எழுந்த நிலையிலேயே ஒரு கணம் நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்து, தட்டை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். "செத்த இருங்க."

மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மாமியார் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.