பெட்டிக்குள் போடாத சீட்டு

பிரெஞ்சில் ‘ஆம்’ என்று அச்சடித்த சின்ன வெள்ளைச் சீட்டு ஒன்று, மடிப்புகளில் கிழியத் தொடங்கிய நிலையில், என் மேசையில் கிடக்கிறது. அத்தானுடைய பேர்சிலிருந்து எடுத்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். போன மாரிக்குளிரில் பாரிசில் இறந்துபோனார். அக்கா அவருடைய கைக்கடிகாரத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு, பேர்சை மட்டும் மொன்றியலுக்கு, எனக்கு அனுப்பியிருந்தாள். இந்தச் சீட்டைப் பார்த்தால் அழுகை வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது. நேற்றைக்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அத்தான் பாரிசுக்குப் புறத்தே, ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காக அவர் காத்திருந்த காலத்தில் அவருடைய தலைமயிர் பாதி நரைத்துவிட்டது. அது கிடைத்தபிறகு அவர் போட்ட முதல் வாக்கு, ஐரோப்பிய நாடுகளையெல்லாம் இன்னும் இறுக்கமாகச் சேர்த்துக் கட்டும் அரசியலமைப்பு ஒன்றை ஏற்பதா இல்லையா என்று பிரான்ஸ் தன் மக்களைக் கேட்டபோது போட்ட வாக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, கலியாண வீட்டுக்குப் போகிறமாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு போனாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அங்கே வாக்குச்சீட்டில் பேனையால் புள்ளடிக் குறி போடுவதில்லை. ‘ஆம்’ ஒரு சீட்டு, ‘இல்லை’ இன்னொரு சீட்டு. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், விரும்பியதை உறைக்குள் வைக்கவேண்டும். மற்றதைக் கசக்கி எறிந்துவிடலாம். அத்தான் போன நேரம் குப்பைக்கூடை நிரம்பி, எறிந்த சீட்டெல்லாம் நிலத்தில் கிடந்து சப்பாத்துகளில் மிதிபட்டுக்கொண்டிருந்தது. எழுத்துள்ள கடதாசி தவறிக் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதருக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. ‘இல்லை’யை உறைக்குள் வைத்தார். ‘ஆம்’ சீட்டை மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கோடையில் அத்தானும் அக்காவும் மொன்றியலுக்கு வந்தார்கள். அப்போது நான் அங்கே சென் மிஷேல் பகுதியில் ஒரு கீழ்வீட்டில் இருந்தேன். மேல்வீட்டில் சென்னையிலிருந்து அரசியல் படிக்க வந்த ஒரு மாணவர். நல்ல பிள்ளை, ஞாயிறுகளில் என் வீட்டில்தான் சாப்பாடு. பிரான்சில் ‘இல்லை’ வென்ற செய்தியில் அவர் உண்மையாகவே மனமுடைந்து போயிருந்தார். ‘இல்லை’ போட்ட ஓராள் என் வீட்டில் புட்டுக் குழைத்துக்கொண்டு இருக்கிறார் என்று அறிந்ததும் விட்டாரில்லை.

“அதைப் படிச்சீங்களா சார்? வீட்டுக்கே புத்தகமா அனுப்பினாங்களே?”

“வாசிக்கேல்லத் தம்பி. திறந்து பாத்தன், மூடி வைச்சிட்டன்.”

“படிக்காமலே எப்படி சார் வேண்டாம்னு சொல்ல முடியும்?”

அத்தான் கோபிக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து ஆறஅமரக் கதைத்தார். “தம்பி, கலியாணம் பேசி, மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் அடிச்சுப்போட்டு, கடைசியா வந்து பொம்பிளையிட்ட ‘உனக்குச் சம்மதமோ’ எண்டு கேக்கிறாங்கள். அவள் மாப்பிளையை வெறுக்கேல்ல. கேட்ட விதத்தைத்தான் வெறுக்கிறாள். இன்னொண்டு. எங்கட ஊர் நகரசபையோட எனக்குச் சண்டையெண்டா பஸ் ஏறிப்போய் மேசையில அடிச்சுக் கேப்பன். சலவைக்கூட முதலாளியோட எண்டா யூனியன் இருக்கு. இந்த ஐரோப்பாக்காரரோட சண்டையெண்டா நான் எந்தக் கதவைத் தட்டுறது? அதை ஒருத்தரும் சொல்லேல்ல. இலங்கையில வெள்ளைக்காரர் எங்களைக் கேக்காமல் சிங்களவரோட ஒண்டாக் கட்டிவிட்டவங்கள். அது எங்க கொண்டுபோய் விட்டது எண்டு தெரியுந்தானே? இங்கயாவது கேட்டாங்கள். அதுக்குத்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு போனனான்.”

பிறகு பேர்சைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினார். “இது நான் போடாதது.” மாணவர் அதை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அத்தான் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. சேர்ந்திருப்பதில் எத்தனையோ நன்மை உண்டு. எல்லையில் கடவுச்சீட்டுக்கு நடுங்கி நின்ற எங்களைவிட அது யாருக்குத் தெரியும்? ஆனால் கேள்வி என்று கேட்டால் இரண்டு பதிலும் பதில்தான். சில ஆண்டுகள் போக, அந்த அரசியலமைப்பில் இருந்ததில் பெரும்பகுதியை ஓர் ஒப்பந்தமாக்கி, இந்தமுறை மக்களைக் கேட்காமல், பாராளுமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொண்டார்கள். அன்றிரவு அத்தான் தொலைபேசியில் என்னிடம் ஒரேயொரு வசனம் சொன்னார். அதற்குப் பிறகு எந்தத் தேர்தலுக்கும் அவர் போகவில்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், கோட்டை அயன் பண்ணியும் வைத்தாள். மனிதர் அசையவில்லை. சாகும்வரை அசையவில்லை.

அந்த மாணவர் இப்போது பேராசிரியர். ஐரோப்பிய ஒன்றிணைவை வாக்காளர்கள் ஏன் நிராகரிக்கிறார்கள் என்பதுபற்றி நேற்று இங்கே சென் லோரான் பகுதியில் ஒரு நூலக மண்டபத்தில் தமிழில் பேசினார். எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்ட பிள்ளை என்று பெருமையோடு போய் முன்வரிசையில் இருந்தேன். சந்தேகம், பயம், அறியாமை என்று விரல் மடித்துக்கொண்டு வந்தவர், அறியாமைக்கு ஓர் உதாரணம் சொன்னார்.

“இதே மொன்றியல்ல ஒரு பெரியவரைச் சந்திச்சேன். ‘நோ’ போட்டேன்னு பெருமையா சொன்னார். பர்ஸ்லேர்ந்து எடுத்துக் காட்டினது ‘யெஸ்’ சீட்டு! பாவம், எதைப் போட்டோம்னே அவருக்குத் தெரியல.”

மண்டபம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருடமும் எத்தனை மேடையில் அத்தானை இப்படி முட்டாளாக்கியிருப்பான் இவன்? எழுந்தேன். 

“தம்பி, அந்தப் பெரியவர் என்ர அத்தான். அங்க ரெண்டு சீட்டுத் தாறவங்கள். போட்டது பெட்டிக்குள்ள போகும், போடாதது கையில மிஞ்சும். மிதிபடக்கூடாது எண்டு அதை அவர் எடுத்துக்கொண்டு வந்தவர். எதைப் போட்டதெண்டு அவருக்கு நல்லாத் தெரியும். பிறகு உங்கட ஆக்கள் அதே சாமானைக் கேக்காமல் கொண்டுவந்த அண்டைக்கு அவர் என்ன சொன்னவர் தெரியுமே? ‘பிள்ளை, நான் பெட்டிக்குள்ள போட்டதைக் குப்பையில எறிஞ்சுபோட்டு, என்ர பேர்சுக்குள்ள கிடக்கிறதை எண்ணியிருக்கிறாங்கள்.’”

 கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது. “மன்னிச்சுக்கங்க அக்கா, அந்த முறை எனக்குத் தெரியாது” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். எனக்கும் கொஞ்சம் மனம் இளகியது. கைப்பையில் கொண்டுபோயிருந்த அத்தானுடைய பேர்சைத் திறந்து சீட்டைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அடுத்த பேச்சுல இதைச் சரியா சொல்லணும். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அக்கா?”

“வேண்டாம் தம்பி” என்றேன்.

அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்.