உள்ளிழுத்த ஆமாம்

நார்வேயில் போக்கர் சாம்பியன் ஆக விரும்புகிறவர் அந்த நாட்களில் முதலில் நார்வேயை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பெரிய பணம் வைத்துச் சீட்டாடுவதை உள்ளூர்ச் சட்டம் தடுத்திருந்ததால், தேசியப் போட்டியை டப்ளினில் ஒரு ஓட்டலில் நடத்தினார்கள். நூற்றுக்கணக்கான நார்வேக்காரர்கள் கடல் கடந்து போய், பக்கத்துத் தெருவிலேயே பார்த்திருக்கக்கூடிய ஆட்களோடு மோதிவிட்டுத் திரும்புவார்கள். ஸ்கார்விக் ஊரில் பெயிண்ட் கடையில் வேலை பார்த்த குட்ரூனுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. ஸ்கார்விக்கில் குடிக்க ஆசைப்பட்டவர்களும் பக்கத்து ஊருக்குத்தான் போனார்கள்.

அவள் கணவன் ஒட்வார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாளெல்லாம் அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு அலட்டாமல் உட்கார்ந்திருக்கும் தொழில். போக்கருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பான். ஒருமுறை முப்பத்தொன்றாவது இடம் வரை வந்திருந்தான். ஊர் அதை மறக்க அவன் விட்டதில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும், அவன் டிக்கெட் எடுக்க உட்காரும்போது, குட்ரூன் காப்பியை ஊற்றியபடி கேட்பாள்: "இந்த வருஷமும் நான் கூட வரட்டுமா?"

"ஆமா" என்பான்.

அவ்வளவுதான். பிள்ளைகள் ஆஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை அவன் படகோடு, அவள் பாட்டுக் குழுவோடு. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இருவரும் சேர்ந்து செய்யும் காரியம் என்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு டப்ளின் வாரம்தான். அது தனக்கு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் வேண்டுமா என்பதுதான் தெரியாது. ஆமா என்றான், போனாள். பகலில் அவன் ஆட, அவள் ஓட்டல் முன்கூடத்தில் ஸ்வெட்டர் பின்னினாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி இடைவேளையில் கொடுத்தாள்.

ஏழாவது வருஷம் டப்ளினில் மழை விடவில்லை. அருங்காட்சியகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு நானும் ஆடறேனே" என்றாள். ஒட்வார் சிரித்தான், ரொட்டிக் காகிதத்தின் பின்னால் எந்தச் சீட்டு எதை வெல்லும் என்று எழுதிக் கொடுத்தான். அந்தத் தடவை அரை நாளில் வெளியே வந்தாள். அடுத்த வருஷம் ஒரு நாள் முழுக்கத் தாங்கினாள். அதற்கு அடுத்த வருஷம் அவனுக்குப் பின்னால் வெளியேறினாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

பத்தாவது வருஷம் கடைசி மேசைக்கு வந்த ஒன்பது பேரில் இருவரும் இருந்தார்கள். கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்ற ஆர்ன்ஃபின், ஊரில் மீன்வலை விற்பவன், ஒட்வாரின் பழைய கூட்டாளி, குரல் கொடுத்தான்: "ஒட்வார், பாத்துப்பா. தோத்தா நடு ரோட்டுலதான் படுக்கணும்."

"ஜெயிச்சாலும் அங்கதான்" என்றான் ஒட்வார்.

புருஷன் பெண்டாட்டி என்பதால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடினால் இருவரையும் வெளியேற்றுவோம் என்று நடுவர் எச்சரித்தார். வீட்டில் முப்பது வருஷமாக இதற்கு நேர்மாறான எச்சரிக்கையைத்தான் பெரியவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கடற்கரையில் பலரும் ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். பேச்சே வராது, காற்று மட்டும் தொண்டைக்குள் போகும். மேசையில் சீட்டுப் பங்கிட்ட டப்ளின் பெண் முதல் நாள் ஒருவருக்கு மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை. ஒட்வாரும் சில சமயம் அப்படிச் சொல்வான், சில சமயம் எல்லோரையும்போல வெளியே சொல்வான்.

மதியம் ட்ரொன்ட்ஹைம் கிழவர் ஒருவர் அவனிடம் கேட்டார்: "தம்பி, நெசமாவே ஏஸ் வெச்சிருக்கியா?" ஒட்வார் மூச்சை உள்ளே இழுத்து ஆமா என்றான். கிழவர் நம்பி, பந்தயத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். ஒட்வார் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான், வெறும் வெத்து. கூட்டம் ரசித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டவாங்கர் பையனிடமும் அதே இழுப்பு, அதே வெத்து. வேறொருவர் கேட்டபோது ஒட்வார் "ஆமா" என்று பளிச்சென்று வெளியே சொன்னான். அப்போது அவனிடம் மூன்று ராணி இருந்தது. குட்ரூனுக்குக் காது குறுகுறுத்தது.

ஒவ்வொருவராக எழுந்து போய், கடைசியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே மிஞ்சினார்கள். ஆர்ன்ஃபின், "இதுக்கு வீட்டு அடுப்படியிலயே ஆடியிருக்கலாமே, விமான டிக்கெட்டாவது மிச்சம்" என்றான்.

மேசை நடுவில் இருவருக்கும் பொதுவாக ராஜா, ராணி, ஜாக், நாலு, ரெண்டு கிடந்தன. குட்ரூன் கையில் இரண்டு எட்டு. ஒட்வார் தன் பந்தயச் சில்லுகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். அவளிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு எட்டை ஜெயிக்க, மேசையில் கிடந்த படங்களில் ஒன்றோடு ஜோடி சேர அவனிடம் ஒரே ஒரு படம் இருந்தால் போதும்.

அவள் கேட்டாள்: "ராஜா வெச்சிருக்கியா?"

ஒட்வார் அவள் கண்ணைப் பார்த்து, மூச்சை உள்ளே இழுத்து, ஆமா என்றான்.

அந்தச் சத்தத்தை அவள் மேசையில் மட்டும் கேட்கவில்லை. செப்டம்பரில், காப்பிக் கோப்பைக்கு மேலே, அவள் கேள்வி கேட்ட ஒவ்வொரு வருஷமும் இதே காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. ஒரு வருஷமாவது வெளியே வந்ததா என்று யோசித்தாள். வந்ததாக நினைவில்லை.

சீட்டைக் கீழே போட்டுவிட்டால் இந்த ஒரு சுற்று மட்டும்தான் போகும். அவனிடம் ராஜா இருந்தது என்றே நம்பிக்கொள்ளலாம், செப்டம்பரையும் அப்படியே நம்பலாம். தள்ளினால் தெரிந்துவிடும். உலகத்தில் எந்த ஆட்டக்காரரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள்: ராஜா இருக்கட்டும், நான் தோற்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு சில்லுகளைத் தள்ளினாள்.

ஒட்வார் ஏழும் ஆறும் காட்டினான்.

கை தட்டினார்கள். யாரோ கொடியைப் போர்த்தினார்கள். கண்ணாடிக் கோப்பையைக் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள்; படத்தில் அவள் முகம் பல் பிடுங்கிக்கொண்டவள் முகம்போல இருக்கிறது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஸ்கார்விக் பத்திரிகை எழுதியது. பத்திரிகைக்கு வேறு காரணம் தோன்ற வழியில்லை.

மறுநாள் காலை ஓட்டலில் சாப்பிடும்போது ஒட்வார் கேட்டான். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் பெருந்தன்மையாக இருக்க முடிவு செய்திருந்தான்.

"ரெண்டு எட்ட வெச்சுக்கிட்டு எப்படித் துணிஞ்ச? சொல்லேன்."

"நீ சொன்ன ஆமாவ வெச்சுத்தான்."

"அதுல என்ன?"

"பொய் சொல்றப்ப மூச்ச உள்ள இழுக்கற. நெசம் சொல்றப்ப வெளிய விடற."

எதிராளியின் பலவீனத்தை அவனிடமே சொல்வது ஆட்டத்தில் முதல் தரமான முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் எதிராளியிடம் பேசவில்லை, கணவனிடம் பேசினாள். அவன் இதைக் கேட்டதும் சமையலறையும் செப்டம்பரும் நினைவுக்கு வந்து முகம் சுருங்குவான், அல்லது சண்டையாவது போடுவான் என்று காத்திருந்தாள்.

ஒட்வார் முட்டையைத் தோல் உரித்தபடி யோசித்தான். "அடடா," என்றான். "எத்தன வருஷமா பணம் போயிருக்கு இதுல. நல்லவேளை, நீ சொன்ன."

"வேற எதுவும் தோணலையா உனக்கு?"

"தோணுதே. இத ஆர்ன்ஃபின்கிட்ட மட்டும் சொல்லிடாத."

ஊர் திரும்பிய பிறகு அவன் தன்னைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தான். பயிற்சி என்றால் ஒட்வாருக்கு விளையாட்டில்லை. தவறான கியர் போடுகிற ஆட்களை வாரக்கணக்கில் திருத்துகிறவன். உப்பு போதுமா என்று கேட்டால் "ஆமா." தபால் வந்ததா என்றால் "ஆமா." ஒவ்வொன்றும் வெளியே வந்தது, ஒரே அளவில், ஒரே சத்தத்தில். பிறந்தது முதல் நாக்கில் இருந்த வழக்கத்தை அந்த மனிதன் குளிர்காலம் முடிவதற்குள் விட்டுவிட்டான். அவனுக்குக் கற்றுக்கொள்ள இவ்வளவு திறமை உண்டென்று அவன் மனைவிக்கு அதுவரை தெரியாது.

பெயிண்ட் கடையில் வாடிக்கையாளர்கள் குட்ரூனிடம் கைகொடுத்துப் பேசினார்கள். மனுஷர் முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாளாம் என்று ஊர் பேசியது.

அடுத்த செப்டம்பரில் ஒட்வார் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தான். அவள் காப்பியை ஊற்றினாள். போன வருஷச் சாம்பியன் என்ற முறையில் அவளுக்கு இடம் தனியாகவே ஒதுக்கியிருந்தார்கள். யாருடைய அனுமதியும் தேவையில்லை. இருந்தாலும் கேட்டாள்.

"நான் உன்கூட வர்றது உனக்குப் பிடிச்சிருக்கா?"

ஒட்வார் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா" என்றான், வெளியே, தெளிவாக.

குட்ரூன் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் இல்லை. ராஜாவும் இருக்கலாம், ஏழும் ஆறும் இருக்கலாம்.

"ஜன்னலோரம் உனக்கா எனக்கா?" என்று கேட்டான் அவன்.

"உனக்கே இருக்கட்டும்" என்றாள்.