சிலிர்க்காத கிடா

எங்கள் பேரையூர்ப் பக்கத்துச் சம்சாரி பட்டினி கிடந்தாலும் விதைச் சோளத்தில் கை வைக்க மாட்டான். கதிர்களிலேயே பெருத்த கதிராகப் பார்த்து ஒதுக்கி, சாம்பல் பூசி, குலுக்கையில் போட்டு மூடிவிடுவான். அம்புட்டு விவரமான ஆள், ஆட்டுப் பட்டிக்குள் நுழையும்போது மட்டும் புத்தியைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிடுவான். நல்லதாக ஒரு கிடாக்குட்டி பிறந்தால் உடனே காதில் அடையாளம் வெட்டிச் சாமிக்கு நேர்ந்துவிடுவான். வாலிபம் வருமுன்னே மாசித் திருவிழா வந்துவிடும், குட்டியும் அரிவாளுக்குப் போய்விடும். அதற்கடுத்த நல்ல கிடாவைக் காயடித்துக் கறிக்கு வளர்ப்பான். சாமிக்கும் ஆகாமல் கறிக்கும் ஆகாமல் வற்றலாக ஒன்று மிஞ்சும். அதுதான் ஊர்ப் பெட்டையாடுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை.

பிறகு, "வர வர ஆடெல்லாம் எலி கணக்கா ஆகிப்போச்சே" என்று வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வான். நான் வாக்கப்பட்டு வந்த காலத்தில் இதுதான் நிலவரம்.

எங்களுக்கு நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் களை எடுப்பதும் கதிர் அறுப்பதும்தான் பிழைப்பு. என் அப்பா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். அந்தத் தயவில் நான் ஐந்து வகுப்புப் படித்தேன். அந்தப் படிப்பு எனக்குக் கூலியில் காலணா கூட்டித் தரவில்லை. ஆனால் எதையும் ஏன் என்று கேட்கிற வாயைக் கொடுத்தது. அந்த வாயோடும், அம்மா சீதனமாகக் கொடுத்த ஒரு சினையாட்டோடும்தான் நான் இந்த ஊருக்குள் நுழைந்தேன். ஆட்டை எல்லோரும் மெச்சினார்கள்.

ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்தேன். பட்டியிலேயே உயர்ந்த கிடாக்குட்டியை வெட்டவும் மாட்டேன், காயடிக்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன். அதுதான் பெட்டைகளோடு சேர்க்கிற பொலிகிடா. மற்றவை எங்கே வேண்டுமானாலும் போகட்டும். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் நல்ல மனிதர், சண்டைக்கு வர மாட்டார். சொறிவதோடு சரி.

எதை உயர்ந்தது என்று சொல்வது? உயரமும் நெஞ்சு அகலமும் கறிக்கு வேண்டும், அது கண்ணுக்கே தெரியும். இரண்டு குட்டிக்குக் கொடுத்தது போக நமக்கும் ஒரு செம்பு பால் மிஞ்ச வேண்டும், அது கறந்தால் தெரியும். மூன்றாவதாக நான் பார்த்ததுதான் ஊருக்குச் சிரிப்பு. காட்டில் மேய்ந்து வரும் ஆட்டின் மடியில் மண்ணும் நெருஞ்சியும் ஒட்டியிருக்கும், கழுவாமல் கறக்க முடியாது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் முக்கால்வாசி ஆடுகள் உடம்பெல்லாம் சிலிர்த்து உதறி, ஒரு உதை விட்டுச் செம்பைக் கவிழ்த்துவிடும். எங்கள் தெருவில் கொட்டிப்போன பால் குடித்த பாலைவிட அதிகம். அதனால் தண்ணீர் பட்டால் சிலிர்க்கிற ஆட்டை மதுரைச் சந்தைக்குத் தள்ளிவிட்டேன். மரம் போல நிற்கிற ஆட்டின் குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கிடாக்குட்டிக்கு மடி இல்லையே, என்ன செய்வது? அதன் முதுகில் ஒரு கை தண்ணீரை ஊற்றிப் பார்ப்பேன். நின்றால் இருக்கும், சிலிர்த்தால் போகும். தாயின் குணம் மகன் வழியாகவும் பேத்திக்கு வரும் என்பது என் கட்சி. தினமும் நான் கிடாக்குட்டிகளின் முதுகில் தண்ணீர் ஊற்றுவதை அடுத்த வீட்டு மதினி வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"கிடாவுக்கு எதுக்கு மதினி குளிப்பாட்டு? பொண்ணு பாக்க வாராகளா?"

"ஆமா மதினி. ஒங்க வீட்டுப் பெட்டையும் ஒருநா இதைத் தேடி வரும், பாத்துக்கங்க."

நான் சொன்னது வீண்போகவில்லை. சில ஈத்துகளிலேயே என் பட்டி மாறியது. குட்டிகள் கால் நீண்டு பிறந்தன. தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் வேண்டுமென்றால் ஊர் முழுக்க என் வாசலுக்குத்தான் வந்தது. கடைசியில் அந்தக் கிடா பிறந்தது. கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை இறங்கும் இரண்டு வெள்ளைக் கோடுகள், கன்றுக்குட்டி உயரம். நான் கும்பிடு போட வேண்டிய நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிணற்றடியிலும் களத்திலும், "இதுக்கு ஈடா ஒரு கிடா இந்தச் சீமையில இருந்தாக் கொண்டாங்க பாப்போம்" என்று சவால் விட்டேன். யாரும் கொண்டுவரவில்லை.

அந்த ஐப்பசியில் என் மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. எனக்கு ஒரே பிள்ளை. அனலாகக் கொதித்தாள், பிதற்றினாள், பிறகு பிதற்றவும் தெம்பில்லாமல் கிடந்தாள். வைத்தியர், "இனி அவன் விட்ட வழி" என்று சொல்லி மருந்துப் பையைக் கட்டினார். நான் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து, ஊருக்கு மேற்கே இருக்கிற எங்கள் கருப்பசாமி கோவிலுக்குப் போய் விழுந்தார். பிள்ளை பிழைத்தால் பட்டியிலேயே நல்ல கிடாவை வெட்டுகிறேன் என்று சூடத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

பிள்ளை பிழைத்தாள். கஞ்சி கேட்டாள். நான் அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கும்போதுதான் அவர் வேண்டுதலைச் சொன்னார்.

"பட்டியில நல்லதுன்னா சொன்னீக?"

"அந்த நேரத்துல வேற என்ன புள்ள சொல்லுறது? சுமாரான கிடான்னா சொல்ல முடியும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மகளைக் கொடுத்த சாமி மேல் கோபப்பட முடியுமா? அவளுக்காகப் போய் விழுந்த மனிதரைத் திட்ட முடியுமா? வேறு கிடாவைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நல்ல கிடா எது என்று ஊருக்கெல்லாம் தமுக்கடித்தவளே நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தக் கிடா போய்விட்டால் அதன் இடத்தில் நிறுத்த வேறு பொலிகிடா இல்லை. அதற்குப் பிறந்த குட்டி ஒன்றுகூட இன்னும் தரையில் விழவில்லை. இத்தனை வருஷமும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது அந்த ஓர் உடம்புக்குள்தான் இருந்தது. நிலம் இல்லாத எனக்கு அதுதான் நிலம்.

மாசித் திருவிழா வந்தது. கிடாவைக் குளிப்பாட்டி, கழுத்தில் மாலை போட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மூவரும் கோவிலுக்கு நடந்தோம். தெருவே அங்கே கூடியிருந்தது. எங்கள் வழக்கத்தில் கிடாவை இழுத்து வைத்து வெட்டிவிட முடியாது. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அரிவாள். பூசாரி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, எனக்கு மாமா முறை. எதையும் அவசரமில்லாமல் செய்கிறவர்.

எங்களுக்கு முன்னால் நின்ற கிடாக்களெல்லாம் தண்ணீர் பட்டதும் படபடவென்று சிலிர்த்தன. எங்கள் முறை வந்தது. மாமா ஊற்றினார். கிடா நின்றது.

மறுபடியும் ஊற்றினார். தண்ணீர் முதுகில் இறங்கி வயிற்றடியில் சொட்டியது. கிடா கழுத்தை வளைத்துத் தன் மாலையிலிருந்த வேப்பிலையைக் கடித்து நிதானமாக மென்றது. மாமா குடத்தையே எடுத்துக் கவிழ்த்தார். அப்போதும் அது பால் கறக்க நிற்கிற தாயாடு போலக் காலை அகட்டி நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. தினமும் என் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த கிடா. தண்ணீருக்கு அசையாத தாய், பாட்டி வழியில் பிறந்தது என்பதற்காகவே நான் வைத்துக்கொண்ட கிடா. எப்படிச் சிலிர்க்கும்?

என் கிடா பிழைத்தது என்று நெஞ்சு குளிர்ந்தது. கூடவே மகளின் கை என் கைக்குள் இருப்பது தெரிந்து பயம் வந்தது. சாமியை ஏமாற்றி வாங்கிய கிடாவை ஓட்டிக்கொண்டு இந்தப் பிள்ளையோடு வீட்டுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"மாமா, சாமி வேணாமுன்னு சொல்லல. இது தண்ணிக்குப் பழகுன உருப்படி. சிலுக்காததாப் பாத்து நாந்தான் வளத்தேன்."

கூட்டத்தில் ஒருவன், "அப்பக் காதுல ஊத்துங்க, தன்னால சிலுத்துக்கிரும்" என்றான்.

மாமா அவனைத் திரும்பிப் பார்த்தார். "காதுல ஊத்தி வாங்குனா அதுக்குப் பேரு உத்தரவு இல்லடா, களவு." பிறகு என்னிடம் சொன்னார்: "நான் கேட்டது சாமிகிட்ட தாயி. ஒன்கிட்ட இல்ல. கருப்பன் வேணாமுன்னுட்டான், ஓட்டிட்டுப் போ. வாக்கு அப்படியே நிக்கட்டும். இதுக்குப் பொறக்குறதுல ஒண்ணு கொண்டா."

நான் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

சாமி வேண்டாம் என்று சொன்ன கிடாவோடு தங்கள் ஆட்டைச் சேர்க்க முதலில் எல்லோரும் தயங்கினார்கள். என் பட்டியில் அதன் குட்டிகள் பிறந்து துள்ளுவதைப் பார்த்ததும் தயக்கம் பறந்துவிட்டது. பெட்டையை முதலில் ஓட்டி வந்தது அடுத்த வீட்டு மதினிதான். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு வந்தாள். "பொண்ணு வந்துருச்சா மதினி?" என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. யாரிடமும் நான் காசு வாங்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். இதற்குப் பிறக்கும் கிடாக்களில் எது உயர்ந்ததோ அதை வெட்டாமல் விதைக்கு விட வேண்டும். சோளத்துக்குச் செய்வதை ஆட்டுக்கும் செய்யுங்கள் என்றேன். சம்சாரி பாஷையில் சொன்னதால் புரிந்தது.

அடுத்த மாசிக்கு அதன் மகன் ஒன்றைக் கொண்டுபோனோம். இந்த முறை முன்ஜாக்கிரதையாக அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வளர்த்திருந்தேன். பூசாரி மாமா குடம் குடமாக ஊற்றினார். அது அப்பனை உரித்து வைத்தாற்போல நின்று அசை போட்டது. மாமா என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். வந்த வழியே ஓட்டிக்கொண்டு திரும்பினோம். வாக்கு பாக்கி நின்றது. அந்தப் பாரம் என் நெஞ்சில் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் குணம் ரத்தத்தில் வரும் என்ற என் கட்சி ஜெயித்ததில் உள்ளூர ஒரு கெத்தும் இருந்தது.

கெத்து கொஞ்ச காலத்தில் வில்லங்கமானது. உலகச் சண்டைக் காலம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் மதுரைக்குப் போகிற பஸ் கரியில் ஓடத் தொடங்கியபோது, எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் முக்கால்வாசி ஆடு என் கிடாவின் வம்சமாகிவிட்டது. பால் பெருகியது, கறி பெருகியது, மதுரைக் கறிக்கடைக்காரர்கள் எங்கள் ஊர் ஆடு என்றால் கேட்டு வாங்கினார்கள். ஆனால் மாசியில் கோவில் முன்னால் வரிசையாகக் கிடாக்கள் நிற்கும், மாமா ஊற்றிக்கொண்டே போவார், ஒன்றும் அசையாது. ஒரு வருஷம் பொழுது சாயும்வரை ஊற்றிவிட்டு, கடைசியில் சர்க்கரைப் பொங்கலோடு கலைந்தோம். ஆண்பிள்ளைகள் என்னை முறைத்துக்கொண்டே பொங்கலைத் தின்றார்கள்.

அந்தத் திருவிழா முடிந்து சில நாளில், ஒரு காலையில் மாமாவே எங்கள் பட்டிக்கு வந்தார். அவர் பின்னால் கயிற்றில் ஒரு பெட்டையாடு. அதை என் கிடாவிடம் விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

"தாயி, தண்ணி ஊத்தி ஊத்தித் தோள்பட்ட விட்டுப்போச்சு. சாமிக்குன்னு சிலுக்குற கிடா ஒண்ணு வளத்துக் குடு."

"வளத்துருவேன் மாமா. ஆனா அப்பேர்ப்பட்டது என் பட்டியில கழிசல். சந்தைக்குத் தள்ள வச்சிருக்குறது. எங்க வீட்டுக்காரவுக வேண்டிக்கிட்டது நல்ல கிடாவை."

மாமா தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு எது நல்லது?"

"பாலுக்கும் கறிக்கும் ஒசந்தது. தண்ணிக்கு அசையாதது."

"அது ஒனக்கு. கேட்ட ஒடனே சம்மதம் சொல்லுறது எதுவோ, சாமிக்கு அதுதான் நல்லது. இத்தன வருசமா அவன் வாய்விட்டு வேணாங்குறான், நீ திருப்பித் திருப்பி அதையே நிறுத்துற."

தண்ணீர் பட்டால் சிலிர்க்கிறது என்று சந்தைக்கு ஒதுக்கியிருந்த ஒரு குட்டையாட்டின் மகனை அந்த வருஷம் வளர்த்தேன். மாசியில் மாமா ஊற்றியது ஒரு கைத் தண்ணீர். அது வாலிலிருந்து காது வரை சிலிர்த்தது. கூட்டம் குலவையிட்டது. என் வீட்டுக்காரர் கைகூப்பி நின்று அழுதார், அவர் பட்ட கடன் தீர்ந்துவிட்டது. எனக்கும் அன்றுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அதிலிருந்து எங்கள் ஊரில் எல்லாப் பட்டியிலும் இரண்டு வம்சம் உண்டு. சிலிர்ப்பது சாமிக்கு, நிற்பது விதைக்கு.

என் பழைய கிடா பட்டியின் ஓரத்தில் கிடந்தது. தாடி வெளுத்து, முன்பல் உதிர்ந்து, எழுந்திருக்கும்போது முழங்கால் நடுங்கியது. என் மகள் அதற்குள் தாவணி போட்டுவிட்டாள். அகத்திக்கீரையைக் கிள்ளிக் கசக்கி அவள்தான் அதன் வாயில் ஊட்டுவாள். தன்னைக் காப்பாற்ற வெட்டுவதாகச் சொன்ன கிடா இது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டுப் போவார்கள். கிழடான ஒரு கிடாவை அதுவரை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.