என் சேமலாபக் காசைக் காத்த மனிதர்

செவ்வாய்க்கிழமை காலை சந்தையில் சூடை மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். எங்களோடு வேலை செய்த கரீம் நானா சைக்கிளால் இறங்கி வந்து, "தம்பிராசா, ஞானப்பிரகாசம் போயிட்டார்" என்றார். மீனை அங்கேயே விட்டுவிட்டு நேரே செத்த வீட்டுக்குப் போனேன்.

துறைமுகக் களஞ்சியத்தில் இருபது வருடத்துக்கு மேலாக அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான். அவருடைய வாய் இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் தெரியும். ஓய்வு பெற்றுச் சேமலாபக் காசு மொத்தமாகக் கைக்கு வரும் ஐம்பத்தைந்து வயதை நெருங்கும் ஒருவரையும் விடமாட்டார். "சேமலாபக் காசு வந்தா முதல்ல ஆருக்குச் சொல்லுவீர்?" என்று கேட்பார். "மனிசிக்கு" என்போம். "ஒருத்தருக்கும் சொல்லாதேயும். அண்டைக்குத்தான் இல்லாத சொந்தமெல்லாம் வீடு தேடி வரும்" என்பார். என்னைவிட இரண்டு வருடம் முந்தி ஓய்வு பெற்றார். அதன்பின் அந்தப் பகிடியை அவர் நிறுத்திவிட்டதை நான் கவனிக்கவே இல்லை.

நான் ஓய்வு பெற்ற கையோடு மகளுக்குக் கந்தளாயில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. மகளுக்கு வீடு எழுதுவது எங்கள் வழக்கம். நானோ வீட்டோடு சேமலாபக் காசு முழுவதையும் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். ஒரே மகள், கடைசிக் காலத்தில் எங்களைப் பார்க்க மாட்டாளா என்ற எண்ணம். மனைவிக்கு மனமில்லை. ஆனாலும் என் சொல்லுக்கு விட்டுவிட்டாள்.

நிச்சயம் பேசும் நாளில் எங்கள் பக்கத்துச் சாட்சியாக இருந்த ஞானப்பிரகாசம் எழும்பினார். "வீட்டை எழுதட்டும். காசு ஏலாது. அது இவை ரெண்டு பேரும் சாகுமட்டும் தின்னிற சோறு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ர பிள்ளையின்ர வாழ்க்கையிலை மண் போட நீர் ஆர்?" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "நான் மூண்டு பெட்டையளுக்கும் எல்லாத்தையும் குடுத்து முடிச்சவன், தம்பிராசா. நேற்றுத் தலைமயிர் வெட்ட மருமோனிட்டைக் காசு கேட்டனான். அவன் தந்தவன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா கேட்டு வாங்கிறது இருக்கே..." என்று சொல்லி இருந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன், "எனக்கும் வாற வருசம் பென்சன். காசு அவையளிட்டையே இருக்கட்டும்" என்றார். கலியாணம் குறையில்லாமல் நடந்தது. காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டேன். மாதா மாதம் வட்டி வருகிறது.

சபையில் பேசியது, அவர் கூட இருந்த மருமகனின் காதுக்கு எட்டியிருக்கிறது. ஆறு மாதம் அவன் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒரே வீட்டுக்குள், அவன் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, அந்த ஆறு மாதமும் அவர் இருந்திருக்கிறார். அவருடைய கடைசி மகள் நேற்று அடக்கம் முடிந்தபின் சேமக்காலையில் வைத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாட்களிலும் என்னைக் கண்டால், "என்ன, மனிசி சுகமோ?" என்றுதான் கேட்டார்.

நானும் மனைவியும் இன்றைக்கு ஒருவர் கையையும் பாராமல் சாப்பிடுகிறோம். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தச் சோறு. "நீர் ஆர்?" என்று கேட்டதற்கு அவர் உயிரோடு இருந்தபோது நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பலர் முன்னால் கேட்ட கேள்வி அது. அதனால் உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: ஞானப்பிரகாசம், என்னை மன்னியும்.