பலகைக்குப் பின்னால் இருந்த பாசி

காட்டுக் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், கேமரன் மலைத் தோட்டமொன்றில், தேயிலையைக் கெடுக்கும் பாசியைக் குப்பிகளில் வளர்த்துச் சோதிப்பது என் வேலை. ஊரடங்கு, பேச ஆளில்லை. வேலிக் காவல்காரர் மட்டும் தினமும், "தம்பி, சாப்டாச்சா?" என்பார். நான் தலையாட்டுவதோடு சரி.

ஒருநாள் மனசு விட்டுப்போய், மறுநாள் லோரியில் கிளம்பிவிடலாமென்று குப்பிகளைக் கொட்டினேன். குண்டுக்குப் பயந்து பலகை அடித்து, இடுக்கில் கீற்று வெளிச்சம் மட்டும் வரும் சன்னலோரம் ஒரு குப்பியை மறந்திருந்தேன். செத்திருக்கும் என்று எடுத்தால், கரும்பச்சை. வெயிலில் இருந்தவையெல்லாம் மஞ்சளித்திருந்தன. வெளிச்சம் குறையக் குறைய, அதைப் பிடிக்கும் புரதத்தைப் பாசி கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். எனக்குக் கிடைத்த கீற்று, காவல்காரரின் அந்த ஒரு "சாப்டாச்சா"தான். அதைக்கூட நான் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கேட்டபோது, "இன்னும் இல்லண்ணே. உள்ள வாங்க, கோப்பி கலக்குறேன்" என்றேன்.

காலையில் லோரி நான் இல்லாமலே இறங்கிப்போனது.