நான்கு மூலையிலும் மஞ்சள்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை டைப்பிஸ்ட் வேலை. அதற்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. திருமுடிவாக்கத்தில் பம்பு, மோட்டாரெல்லாம் உட்காரும் இரும்புத் தளங்களைச் செய்கிற ஒரு சின்னப் பட்டறைக்கு, படம் வரைகிற வேலை கேட்டுத்தான் போனேன். முதலாளி என் சான்றிதழ்களை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "டைப்பிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கியாம்மா?" என்றார். பண்ணித் தொலைத்திருந்தேன்.

"அப்ப பேசாம டைப்பிங் பாரு. பட்டறைக்குள்ள போய் ஆளுங்களோட மல்லுக்கட்டி டிராயிங் போடறதெல்லாம் பொண்ணுங்களுக்கு ஒத்து வராது."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. "மூணு வருஷம் டிராயிங் போர்டு தூக்கிக்கிட்டு பஸ்ல தொங்கினது டைப் அடிக்கவா சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் சிரித்துவிட்டார். முன்பிருந்த டிராப்ட்ஸ்மேன் துபாய்க்குப் போய்விட்டதால் அவருக்கும் வேறு வழி இல்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மூன்று மாதத்துக்குக் காலையில் டைப்பிங், மதியத்துக்கு மேல் டிராயிங். அதற்குள் நானே முழுதாக ஒரு படம் போட வேண்டும். வாடிக்கையாளர் அதை ஒப்புக்கொண்டால் டிராயிங் மேஜை எனக்கு. இல்லையென்றால் டைப்ரைட்டரோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

எந்தப் படத்தை எடுத்தாலும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் வரைந்தவரின் இனிஷியலுக்கு ஒரு அறை, பக்கத்திலேயே ஒப்புதல் தரும் முதலாளியின் கையெழுத்துக்கு ஓர் அறை. துபாய்க்காரரின் இரண்டெழுத்து எல்லாத் தாள்களிலும் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் என் இரண்டெழுத்து வர வேண்டும். உலகத்தில் எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது, காலையில் நான் போகும் நேரத்தில் குரோம்பேட்டை ரயில்வே கேட் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர. அஸ்தினாபுரத்தில் வீடு. சைக்கிள்தான் வாகனம். கேட் போட்டுவிட்டால் ஒரு ரயில் போகும், எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும். ஊரே கம்பிக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்து போகும். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைந்திருக்கிறேன்.

மூன்றாவது மாதம் அந்தப் படம் வந்தது. ஒரு மோட்டார் தளம். பத்து நாள் வரைந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கையாளரின் ஆபீசர் கிண்டியிலிருந்து வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வியாழன் சாயங்காலம் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. அளவுகளை எழுதுவது மட்டும்தான் பாக்கி. டிரேசிங் தாளைச் சுருட்டி பிவிசி குழாய்க்குள் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து எழுதி முடித்தேன். கடைசியாக என் இரண்டெழுத்து. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

காலையில் குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசல்வரை வந்து, "எல்லாம் நல்லபடியா நடக்கும், போ" என்றாள். வழக்கத்துக்கு மாறான அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் பிரதி எடுப்பது ஒரு கூத்து. டிரேசிங் தாளுக்கு அடியில் மருந்து பூசிய தாளை வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் புகுந்த இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். கோடு மறைத்த இடம் மட்டும், அம்மோனியா பெட்டிக்குள் மருந்துத் தாளை விட்டதும் நீலமாக எழும்பும். மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு முதல் பிரதியை எடுத்தேன். படம் அருமையாக வந்திருந்தது. ஆனால் நான்கு மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு நான்கு நீலத் திட்டுகள். வலது கீழ்த் திட்டு என் இரண்டெழுத்தை மொத்தமாக விழுங்கியிருந்தது.

டிரேசிங் தாளைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள்! நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, புதுப் புடவைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் தடவுவதுபோல நான்கு மூலையிலும் தடவியிருக்கிறாள். வெளிச்சத்துக்கு மஞ்சளும் ஒன்றுதான், கறுப்பு மையும் ஒன்றுதான். இரண்டுமே அதை உள்ளே விடாது.

பாதி பிளேடால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டத் தாள்தான் மெலிந்தது, கறை அசையவில்லை. சுரண்டுகிற சத்தம் கேட்டு வந்த முதலாளி பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "டிராயிங்குக்குப் போய் யாராவது மஞ்ச தடவுவாங்களா?"

"நீங்க கொட்டேஷனுக்குத் தடவறீங்களே சார்."

"கொட்டேஷனை யாரும்மா பிரின்ட் போடறாங்க?" என்றவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "பன்னெண்டு மணிக்கு அந்தாளு வந்துடுவார். புதுசா வரையவும் நேரமில்ல. என்ன பண்ணுவியோ தெரியாது."

அவருடைய மேஜையில் இருந்த போனையே எடுத்தேன். எங்கள் தெருவில் எதிர்வீட்டில் மட்டும்தான் போன் உண்டு. அவர்கள் போய்க் கூப்பிட்டு, அம்மா மூச்சு வாங்க ஓடிவந்து, "ஹலோ" என்றதும் கத்த ஆரம்பித்தேன். என் வேலை போச்சு, மானம் போச்சு, எல்லாம் உன்னால்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

அம்மா அசரவில்லை. "அதுக்கு ஏன்டீ இப்படிக் கத்தற? அப்பாவோட வெள்ளைச் சட்டையில மஞ்சக்கறை பட்டா நான் என்ன பண்றேன்? வெயில்ல போடு. தானா வெளுத்துடும்."

"இது சட்டை இல்லம்மா! டிரேசிங் பேப்பர்!"

"மஞ்சளுக்கு அதெல்லாம் தெரியுமா?"

போனை வைத்தேன். மணி பத்தரை. வேறு யோசனை எதுவும் இல்லாததால், பட்டறை முற்றத்தில் ஒரு தகரத்தை விரித்து, அதன்மேல் என் பத்து நாள் உழைப்பைப் போட்டு, மூலைக்கொரு நட்டை வைத்தேன். கறையை மறைக்காமல் கொஞ்சம் தள்ளித்தான். லேத்தில் வேலை பார்த்த பம்மல்கார அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, வத்தலா போடுற?"

"டிராயிங்ணா."

"டிராயிங்கா? அது இன்னா பாவம் பண்ணிச்சு, வெயில்ல கிடந்து வாடிக்கினு கீது?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காற்றடித்தால் தாள் பறந்துவிடும் என்று இன்னும் நான்கு நட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் காக்கையை விரட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. அம்மாவின்மேல் இருந்த கோபமும் கூடவே வெளுத்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இல்லை, அது அப்படியே இருந்தது.

பதினொன்றரைக்கே ஸ்கூட்டர் சத்தம். ஆபீசர் நேராக முற்றத்துக்குள் வண்டியை விட்டு, என் பக்கத்தில் நிறுத்தினார். "என்னம்மா காயுது?"

பயத்தில் பொய் வரவில்லை. "உங்க டிராயிங் சார். அம்மா மஞ்ச தடவிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த பென்சிலால் ஒவ்வொரு அளவாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பென்சில் ஓரிடத்தில் நின்றது. "இந்த நாலு ஓட்டைக்கும் தூரத்தை ஓரத்திலிருந்து குடுக்காம, நடுக்கோட்டிலிருந்து குடுத்திருக்க. ஏன்?"

பின்னால் முதலாளி வந்து நிற்பது தெரிந்தது. லேத் சத்தம்கூட நின்றிருந்தது.

"வெட்டி எடுத்த தகட்டுல ஓரம் ஒரே சீரா இருக்காது சார். ஓரத்தை நம்பி ஓட்டை போட்டா மோட்டார் கோணலா உட்காரும். நடுக்கோடு மாறாது."

வெயிலில் என் கண் கூசியது. அவர் எழுந்து, பேன்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "பழைய டிராயிங்ல ஓரத்திலிருந்துதான் இருந்துச்சு. எங்க ஆளுங்க ஒவ்வொரு தடவையும் ஓட்டையைப் பெரிசு பண்ணித்தான் மாட்டுவாங்க. இப்படியே இருக்கட்டும். மஞ்ச போனதும் பிரின்ட் எடுங்க, நான் டீ சாப்பிடறேன்."

முதலாளி என்னைத் தாண்டிப் போகும்போது, "நாளையிலேர்ந்து டைப்ரைட்டரை யார் தலையில கட்டறதுன்னு தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். நான் காக்கையே இல்லாத வானத்தைப் பார்த்துக் கையை வீசி விரட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

பன்னிரண்டரைக்குப் பிரதிகள் எடுத்தபோது மூன்று மூலைகள் சுத்தமாக இருந்தன. நான்காவதில் என் இரண்டெழுத்து பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் ஒப்புதல் கையெழுத்துக்கான அறையில் மட்டும் லேசாக ஒரு நீல நிழல் தங்கிவிட்டது. முதலாளி எல்லாப் பிரதிகளிலும் அந்த நிழல்மேலேயே கையெழுத்துப் போட்டார். கையெழுத்தில்லாத ஒன்றை நான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா சமையற்கட்டிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலையில் கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. தாளைத் தரையில் விரித்து, "இது என் பேரு" என்று காட்டினேன்.

"பக்கத்துல இது என்ன, அழுக்கா?"

"உன் கட்டைவிரல்தான். டிராயிங் சரின்னு ஒத்துக்கிட்டவங்க கையெழுத்துப் போடற இடம் அது. நீ கைநாட்டு வெச்சிருக்க."

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் மூக்குக்கு மேலே வரும் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான் ஒண்ணும் கைநாட்டு இல்ல. அஞ்சாவது பாஸ்," என்றவள் என் டிராயிங் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். குப்புறப் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த நீல நிழலின்மேல் தன் பெயரை முழுசாகத் தமிழில் எழுதினாள். எழுதிவிட்டு எழுந்திருக்காமல், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.